கழுவிய உப்பும் ஆண் மீனும்

என் மாமியார் உப்பைக் கழுவித்தான் சமைப்பாள். மாமியாரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. அந்த மரியாதையையெல்லாம் ஏழு வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். கையிருப்பு இல்லை. அதனால் இங்கே அவள் அவள்தான், அவள் மகனும் அவன்தான்.

உப்பைக் கழுவுவதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கல்லுப்பு மண்ணும் தூசியுமாக மூட்டையில் வந்த காலத்துப் பழக்கம் அது. சட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அரிசி களைவதுபோல் களைந்து, கலங்கல் தண்ணீரை வாசலில் வீசிவிட்டு, வெள்ளை வெளேரென்று ஆன உப்பைப் பானையில் போட்டு அடுப்புக்கு மேலே வைப்பார்கள். பிறகு அயோடின் சேர்த்த உப்பு பாக்கெட்டில் வந்தது. மாமியார் அதையும் கழுவினாள். பாக்கெட் உப்பில் எந்த மண்ணும் இல்லை. இருந்தாலும் கழுவினாள்.

அயோடின் உப்போடு லேசாகத்தான் ஒட்டியிருக்கும், கழுவினால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், மிச்சமும் அடுப்புச் சூட்டில் குறைந்துவிடும் என்று நான் ஒருநாள் சொன்னேன். புதிதாகக் கல்யாணம் ஆன நேரம். வாயைத் திறக்கலாம் என்று நினைத்திருந்த நேரம்.

“நீ படிச்சது மீனப் பத்தி. கொழம்புக்கு உப்புப் போட எனக்குச் சொல்லித் தர வேணாம்” என்றாள்.

நான் படித்தது மீனைப் பற்றித்தான். நானும் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், மீன் வளர்ப்பில் டிப்ளோமா முடித்து, பதுளை நகரத்து ஓரத்தில் அலங்கார மீன் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கமீன்களை இனம்பெருக்குவது என் பொறுப்பு. தினமும் நமுனுகுலவிலிருந்து பஸ்ஸில் மலையிறங்கி, பொழுது சாய பஸ்ஸில் மலையேறுவேன். கணவன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கும் இயந்திரத்தில் வேலை. சொந்தத்தில் பார்த்துச் செய்து வைத்த கல்யாணம். கோயிலில் தாலி கட்டினான். பதிவு மட்டும் பிறகு செய்யலாம் என்றார்கள். தோட்டத்தில் அப்படித்தான் பலருக்கு. அந்தப் பிறகு வரவேயில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. விஷயம் இதுதான்.

இரண்டாவது வருஷமே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வயசுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது, வரிசையில் நின்ற என் கையிலிருந்து செம்பை மாமியார் பிடுங்கினாள். “நீ வேணாம். போயி அடுப்பப் பாரு” என்றாள். இருபது பெண்களுக்கு முன்னால். சிலர் நிம்மதியாகக்கூடத் தெரிந்தார்கள். நான் போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் வயிறு ஊர்ச் சொத்தாகிவிட்டது. கதிர்காமத்துக்கு நேர்த்தி, மாரியம்மன் கோயில் மரத்தில் தொட்டில், அங்கே ஒரு பூசாரி, இங்கே ஒரு வைத்தியர். எல்லாவற்றையும்விட மோசம் மாமியார் வைத்த கசாயம். என்னென்ன பட்டை, என்னென்ன வேர் என்று சொல்லமாட்டாள். “வயித்தக் கழுவணும். அழுக்கு இருந்தா எப்பிடித் தங்கும்?” என்பாள். குடித்த அன்றைக்கு முழுக்க வயிற்றோட்டம். அதோடு வேலைக்குப் போகவேண்டும். வளைவுக்கு வளைவு குலுங்கும் பஸ்ஸில், பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்துப்போய், பதுளை எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பேன். உப்பைக் கழுவியது போல என்னையும் கழுவினாள். இரண்டிலும் வேண்டியது போனதே தவிர அழுக்கு எதுவும் போகவில்லை.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பதுளையில் டாக்டர் ஒருவரிடம் போனேன். எல்லாச் சோதனையும் செய்தார். “உங்ககிட்ட ஒரு குறையும் தெரியல. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க” என்றார். வீட்டில் வந்து அதைச் சொன்னேன்.

“எனக்கென்ன கொற? நான் ஆம்பள” என்றான் அவன்.

“எங்க பரம்பரையில ஆம்பளைக்குக் கொறன்னு ஒன்னு வந்ததேயில்ல” என்றாள் மாமியார்.

அத்தோடு கதை முடிந்தது. டாக்டர் சொன்னது குழம்பில் போட்ட கறிவேப்பிலைக்குச் சமம்.

இப்போது பண்ணைக்கு வருகிறேன். அதன் முதலாளி முன்பு இரும்புக்கடை வைத்திருந்தவர். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது தண்ணீரில் இருக்கும் என்பது மட்டும். வெலிமடைப் பக்கத்திலிருந்து சந்தைக்குக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வந்து இறங்கும்போது, வியாபாரிகள் வெளி இலைகளை உரித்துக் குவித்துவிடுவார்கள். சும்மா கிடைக்கும் எதையும் முதலாளி விடமாட்டார். சாக்குச் சாக்காக அள்ளிவந்து, பச்சையாக நறுக்கி, தவிட்டோடு பிசைந்து, மீனுக்குப் போடச் சொன்னார். காலையில் கோவா, மாலையில் கோவா. தீவனம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். நான் கேட்டதற்கு, “பச்சை நல்லது தங்கச்சி. டாக்டர்மாரே சொல்றாங்க” என்றார்.

சில மாதங்களில் இனப்பெருக்கம் படுத்துவிட்டது. தங்கமீனில் ஆண் தயாராகிவிட்டால் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் வரும். விடியற்காலையில் பெட்டையைத் தொட்டி முழுக்கத் துரத்தும், முட்டி முட்டி முட்டை போட வைக்கும், அதே நேரத்தில் தன் விந்தைத் தண்ணீரில் விடும். எங்கள் ஆண்களுக்குப் புள்ளியும் இல்லை, துரத்தலும் இல்லை. மூலையில் சும்மா நின்றன. பெட்டைகள் வயிறு புடைத்துச் சுற்றிச் சுற்றி வந்தன. அப்படியும் சிலது தானாக முட்டை போட்டது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எல்லாம் பூஞ்சணம் பிடித்து வெள்ளையாகப் போயின.

முதலாளி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “பொட்டை சரியில்ல. மாத்து” என்றார்.

பெட்டைகளை மாற்றினோம். பழையவற்றை மலிவு விற்பனைத் தொட்டியில் போட்டோம். புதியவை வேறு ஊரிலிருந்து பொலித்தீன் பையில் பஸ்ஸில் வந்தன. அவற்றிலும் பொரிக்கவில்லை. மறுபடியும் “பொட்டை சரியில்ல” என்றார். மறுபடியும் மாற்றினோம். அந்தப் பண்ணையில் வேலை செய்யும் முறையே அதுதான். குஞ்சு வராவிட்டால் பெட்டையை மாற்று. ஆணை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாவது முறை அவர் அதைச் சொன்னபோது, வலையைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். அழுதேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆத்திரத்தில் வந்த அழுகை.

அன்று மத்தியானமே ஆண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால் மாதிரி ஒரு சொட்டு வரவேண்டும். வரவில்லை. ஒரு ஆணுக்குச் செவுள் மூடி சரியாக மூடவில்லை. உள்ளே தொண்டைப் பக்கம் சிவப்பாக ஒரு வீக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. அந்த வீக்கத்தை நான் வேறு இடத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கழுத்தில்.

டிப்ளோமா வகுப்பில் ஒரே ஒரு பாடம் இதைப் பற்றி இருந்தது. நமக்குத் தைராய்டு சுரப்பி கழுத்தில் ஒரே கட்டியாக இருக்கிறது. மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியில்லை. இதயத்திலிருந்து செவுளுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக் கடுகு தூவியது போல் சிறுசிறு துண்டுகளாகக் கிடக்கும். அதற்கு அயோடின் வேண்டும். கிடைக்காவிட்டால் எப்படியாவது சுரந்துவிடப் பார்த்து வீங்கும். பச்சைக் கோவாவில் இருக்கும் ஒரு பொருள், அயோடின் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். எங்கள் மலைகளில் பெய்யும் மழைக்கு மண்ணில் அயோடின் தங்குவதும் அரிது. தண்ணீரிலும் இல்லை, தீவனத்திலும் இல்லை, இருப்பதையும் கோவா உள்ளே விடவில்லை.

ஆனால் தொண்டை வீங்கினால் துரத்தல் ஏன் நிற்கவேண்டும்? படிப்பித்த ஆசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். தைராய்டுச் சுரப்பு இரத்தத்தில் கலந்து விந்தகத்துக்கும் போகிறது. விந்தணுவைப் பக்கத்தில் இருந்து வளர்த்துவிடும் தாங்கு கலங்கள், செல்கள் என்பார்களே அவை, அங்கே இருக்கின்றன. அவை பெருகுவதற்கும், விந்தணுவாக மாறவேண்டிய இளங்கலங்கள் அடுத்த படிக்குப் போவதற்கும் அந்தச் சுரப்பு துணை செய்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளையை விந்தகம் கேட்டு ஆண் சுரப்பைச் சுரப்பதற்கும் அது வேண்டும். குறைந்தால் எல்லாம் பாதியில் நின்றுவிடும். கூடினாலும் கெடுதிதான் என்றார். மீனுக்கு மீன், வயசுக்கு வயசு, பருவத்துக்குப் பருவம் மாறும், ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்றும் சொன்னார். எனக்கு அவர்கள் முடிவுக்கு வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

கோவாவை நிறுத்தினேன். முதலாளி முகம் சுளித்தார். கடல் கூனி இறாலைப் பொடித்துத் தீவனத்தில் சேர்த்தேன். ஆசிரியை சொன்ன அளவில் அயோடினைத் தண்ணீரில் விட்டேன். தண்ணீரையும் அடிக்கடி மாற்றினேன். எது எவ்வளவு உதவியது என்று சத்தியம் செய்யமாட்டேன். வாரங்கள் போயின. முதலில் தொண்டை வீக்கம் வடிந்தது. பிறகு ஒரு காலையில் பண்ணைக் கதவைத் திறந்தபோது தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. செவுள் முழுக்க வெள்ளைப் புள்ளிகளோடு ஆண்கள் துரத்திக்கொண்டிருந்தன. அந்த வாரம் முட்டைகள் பொரித்தன. ஊசிமுனைக் கண்களோடு குஞ்சுகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலாளி வந்து பார்த்தார். வாயெல்லாம் பல். “பாத்தியா தங்கச்சி? ராசியான பொட்டை கெடச்சா எல்லாம் நடக்கும்.”

“இது நீங்க மொத தடவ தூக்கிப் போடச் சொன்ன பொட்டைங்க, மொதலாளி. நான்தான் மலிவுத் தொட்டியிலருந்து எடுத்துட்டு வந்து போட்டேன்” என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தைராய்டு என்ற சொல் மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. அடுத்த வாரம் தன் மனைவியின் தைராய்டு மாத்திரையைக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் பொடித்து ஒரு தொட்டித் தீவனத்தில் கலந்துவிட்டார். கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்பது அவருடைய கணக்கு. அந்தத் தொட்டி ஆண்கள் மெலிந்து, ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்து, துரத்துவதையும் விட்டுவிட்டன. மனைவி மாத்திரையைத் தேடி வீட்டில் சண்டை போட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வதென்று பல நாள் யோசித்தேன். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கழுத்து தடித்திருந்தது. முகம் உப்பியிருந்தது. தொழிற்சாலையில் மற்றவர்கள் வியர்த்து வழியும் அடுப்புப் பக்கத்தில் இவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றான். குரல் கரகரத்துப் போயிருந்தது. சோற்றுக் கையோடு தூங்கி விழுவான். சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான், என் பக்கம் திரும்புவதே இல்லை. மாமியார் கழுத்தும் அதே மாதிரிதான். அதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். “எங்க குடும்பக் கழுத்து” என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் நல்ல மனநிலையில் இருந்தபோது சொன்னேன். ஆண் மீன்கள், கோவா, தொண்டை வீக்கம், வெள்ளைப் புள்ளி எல்லாவற்றையும் சொல்லி, “ஒரே ஒரு ரத்த டெஸ்ட். கழுத்துக்குத்தான். வேற எதுக்கும் இல்ல” என்றேன்.

“என்னய மீனோட சேக்கிறியா?” என்று தட்டைத் தூக்கி எறிந்தான். சோறு சாமிப் படத்தில் போய் அடித்தது.

மாமியாருக்கு இது பண்டிகை. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லாப் பெண்களுக்கும் சொல்லிவிட்டாள். “எங்க வீட்டு மகாராணி புருசன மீனுன்னு சொல்றா. நாளைக்குத் தொட்டியில போட்டுத் தவிடு போடுவா.” மலைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது, கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள், “மீனுக்காரி, ஒன் மீனு சாப்புட்டுச்சா?” என்று கேட்பார்கள். நான் நடையை எட்டிப் போடுவேன். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் அவனை டாக்டரிடம் அனுப்பியது நான் இல்லை, தொழிற்சாலை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கி, கை உள்ளே போகப் பார்த்தது. மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் பதுளைக்குப் போனோம். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்த உடனேயே இரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மிகக் குறைவு. உப்பைக் கழுவும் கதையைச் சொன்னேன். உப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, உடம்பே தன் சுரப்பியைத் தாக்குவதும் உண்டு என்றார். அவர் நியாயமானவர். நான் இல்லை. நான் இன்றுவரை அந்த உப்புப் பானையைத்தான் குற்றம் சொல்கிறேன்.

பிள்ளை இல்லை என்று நானே எடுத்துச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இதனாலயும் இருக்கலாம். மாத்திரைய ஒழுங்கா எடுங்க. உடம்பு சரியானதும் மத்த டெஸ்ட்டும் பாப்பம். மாத்திரைய மட்டும் நிப்பாட்டாதீங்க” என்றார் டாக்டர்.

மாமியார் மாத்திரையை சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கேட்டவர்களுக்கு வாயு மாத்திரை என்று சொன்னாள். மகன் மருந்து சாப்பிடுவது வெளியே தெரிந்தால், என் தலையில் இருக்கும் மலட்டுப் பட்டம் அவன் தலைக்குப் போய்விடுமே. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பட்டம் முக்கியமில்லை, பிள்ளைதான் முக்கியம். தினமும் காலையில், தேத்தண்ணீருக்கு முன்னால், வெறும் வயிற்றில், அவனை எழுப்பி மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்பேன்.

அவன் மாறினான். முகத்து உப்பல் இறங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றினான். குரல் தெளிந்தது. லயத்துப் பையன்களோடு கிரிக்கெட் விளையாடினான். ஒரு மாலை பஸ் நிறுத்தத்துக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தான். அந்த நடை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் சத்தம் கேட்ட அந்தக் காலை போலவே இருந்தது. மற்றச் சோதனைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். “பாப்பம்” என்றான்.

அவன் பார்த்தது வேறு. மடுல்சீமையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று அம்மாவும் மகனும் போய்வந்தார்கள். பெண் பார்க்கப் போனார்கள் என்பது என்னைத் தவிர லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் என் பெட்டி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் இருந்தது. சீலைகள் மடித்து, மேலே சட்டம் போட்ட என் டிப்ளோமா.

“பதிவா செஞ்சிருக்கு, கோர்ட்டுக்குப் போக?” என்றாள் மாமியார். “என் மகன் நல்லா இருக்கான். அவனுக்கு ஒரு புள்ள வேணும். ஒனக்குத்தான் மீனு இருக்கே, போயி அதுகளோட இரு.”

அவன் உள்ளேதான் இருந்தான். வெளியே வரவில்லை. யாரோடோ போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல தெளிவான குரல். அந்தக் குரலை நான்தான் காலைக்குக் காலை அவனை எழுப்பி மாத்திரை கொடுத்துச் சரியாக்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தேன். மலடி என்ற சொல் எனக்கு முன்பே பதுளைக்கு வந்து சேர்ந்திருந்தது. சொந்தக்காரர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தெரிந்த பெண்கள், என்னைக் கண்டதும் குழந்தையின் முகத்தைச் சீலையால் மூடுவார்கள். அதைப் பார்க்காத மாதிரி நிற்கப் பழகிக்கொண்டேன்.

போன ஐப்பசி மழையில், மத்தியான நேரம், பண்ணைக் கதவடியில் இரண்டு பேர் ஒரே குடையில் நின்றார்கள். ஒருத்தி மாமியார். கழுத்து முன்பைவிடப் பெருத்திருந்தது. மற்றவள் சின்னப் பெண், ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. யாரென்று சொல்லத் தேவையில்லை. மாமியார் கையில் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம்.

“கட்டெடுத்து விடு” என்றாள் வந்ததும் வராததுமாக.

“என்ன கட்டு?”

“நடிக்காத. என் மகன் வம்சத்தக் கட்டி வச்சிருக்க. பூசாரி சொல்லிட்டாரு, வயிறெரிஞ்சி போன பொம்பளதான் செஞ்சிருக்கான்னு. இவளுக்கும் தங்கல. இந்தப் பழத்த ஒங் கையால அறுத்துப் போடு.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. என் வயிறு எரிந்தது உண்மை. அதற்குச் சூனியம் வேறு வேண்டுமா? வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

“அவரு மாத்திர குடிக்கிறாரா?”

மாமியாரின் முகம் சட்டென்று மாறியது. “என்ன மாத்திர? பேச்ச மாத்தாத.”

“என்ன மாத்திர, மாமி?” என்று கேட்டாள் சின்னவள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளோடு பேசிப் பேசி, மாமியார் இடையில் கத்தியதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பெண் வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று. கழுத்து வடிந்துவிட்டது, இனி எதற்கு என்று. இப்போது அவன் மறுபடியும் ஸ்வெட்டரோடு நிற்கிறானாம். மறுபடியும் சோற்றுக் கையோடு தூங்குகிறானாம். தன்னைப் பிடிக்காமல்தான் சுவரைப் பார்த்துப் படுக்கிறான் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அவளை வெறுக்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. கழுத்தில் தாலியோடு, பதிவோடு என் இடத்தில் இருந்தவள். ஆனாலும் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனேன். ஒரு ஆண் மீனை வலையில் எடுத்துச் செவுள் புள்ளிகளைக் காட்டினேன். “இது ஒரு காலத்துல சும்மா மூலையில நின்னுச்சி. தொண்ட வீங்கியிருந்துச்சி. பொட்டையத்தான் மாத்திக்கிட்டே இருந்தாங்க. கொற இதுக்கு. ஒங்க வீட்டுக்காரருக்கும் இதே கொறைன்னு டாக்டர் ரத்தத்துல பாத்துச் சொன்னாரு. மாத்திர குடிச்சா சரியாகுற கொற. நான் தெனமும் குடுத்தேன்.”

“பொய்! எல்லாம் பொய்!” என்று கத்தினாள் மாமியார். “வா, போவம்.”

சின்னவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள். “அக்கா, ஒங்களுக்கும் அந்தக் கசாயம் குடுத்தாங்களா?”

“வயித்தக் கழுவுறதுக்கு” என்றேன்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த வலி தெரியும். அவள் வந்த பஸ்ஸையும் அதன் வளைவுகளையும் தெரியும். அவள் எழுந்து, மாமியாரின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பக்கத்தில் இருந்த தொட்டியில் வீசினாள்.

“இனிமே அந்தக் கசாயத்த ஒங்க மகனுக்குக் குடுங்க மாமி” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் ஏழு வருஷம் கத்தியும் அந்தக் கிழவிக்குக் கேட்காதது அப்போது கேட்டது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு தனியாக மழையில் இறங்கினாள்.

சின்னவள் கதவடியில் திரும்பி, “மன்னிச்சிக்கங்க அக்கா” என்றாள். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை எப்போது கொடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். காலையில், தேத்தண்ணீருக்கு முன்னால், விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும் என்றேன். உப்பைக் கழுவவிடாதே என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு தொட்டியில் மிதந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வெளியே எறிந்தேன். ஆண்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்டையைத் துரத்திக்கொண்டிருந்தன.